கலங்கலாகவே இருக்கட்டும்

மூன்றாம் குட்டையில் முழங்கால் அளவு இறங்கி நின்றால் அஞ்சலாட்சிக்குத் தன் வலது கால் பெருவிரல் தெரிய வேண்டும். அந்த ஒரு நகத்துக்கு மட்டும் மாதம் இரண்டு முறை மருதாணி வைத்துக்கொள்வாள். சிவப்பு தெரிந்தால் தண்ணீர் தெளிந்துவிட்டது, மோட்டாரைப் போட்டுக் கல் கழுவத் திருப்பி அனுப்பலாம். தெரியாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தெளிவை அளக்கக் குவாரியில் ஒரு கருவியும் இருந்தது. அதன் கண்ணாடியில் சேறு அப்பிக்கொண்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். நகம் அப்படிச் சொன்னதில்லை.

ஆலங்கொல்லை கூழாங்கல் குவாரி பெரியது அல்ல. ஐந்து குடும்பங்கள் தங்கள் ஆறு ஏக்கரை ஒன்றாகச் சேர்த்துத் தோண்டிய பள்ளம். செம்மண்ணுக்கு அடியில் கிடந்த கல்லை அள்ளி, சுழலும் சல்லடை உருளையில் கொட்டிக் கழுவி, அளவு பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். கழுவிய தண்ணீர் செங்காவி கரைத்தது போல வெளியே வரும். அது ஒன்றாம் குட்டையில் விழுந்து, இரண்டாம் குட்டைக்கு வழிந்து, மூன்றாம் குட்டைக்கு வருவதற்குள் தெளிந்துவிடும். தெளியவைப்பது பிடிபாசி. ஏதோ ஒரு நகரத்தின் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய பாசி. மண் துகள்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி அடியில் உட்காரவைக்கும். வாரக்கணக்கில் படிய வேண்டிய சேறு ஒரு பிற்பகலில் படியும்.

அந்தப் பாசிக்கு ஊட்டுப்பொடி போட்டுப் பார்த்துக்கொள்வது அஞ்சலாட்சியின் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அம்மாவின் முக்கால் ஏக்கர் பள்ளத்துக்குள் போயிருந்ததால் இந்த வேலை கிடைத்தது. யாரோடும் பேசத் தேவையில்லை என்பதால் அவளுக்கு அது பிடித்துப்போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. இப்போது வயது இருபத்தாறு.

கல் தீர்ந்துவிட்டது. நான்கு மாதமாகக் குவாரியை மூடும் வேலைதான் நடந்தது. குட்டைகளின் அடிவண்டலை வெட்டிக் காயவைத்துப் பள்ளத்தை நிரப்பினார்கள். செங்குத்தாக நின்ற கரைகளைப் படிப்படியாகச் சரித்தார்கள். தோண்டத் தொடங்கிய நாளில் வழித்தெடுத்து, தழையுரச் செடியான கொளுஞ்சி விதைத்துப் பதினோரு வருடம் காப்பாற்றி வைத்திருந்த மேல்மண் மேட்டை உடைத்து எல்லாவற்றுக்கும் மேலே பரப்பினார்கள். ஊட்டுப்பொடியை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பாக்கி இருந்தது ஒரு சோதனை, பாசி முழுக்கச் செத்துவிட்டதா என்று பார்ப்பது. தேறினால் நிலம் ஐந்து குடும்பங்களுக்கும் திரும்ப வரும். தேறாவிட்டால் கறுப்பு விரிப்பு போட்டு, வேலி கட்டி, இருபது வருடத்துக்கு மூடிவிடுவார்கள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அஞ்சலாட்சி அந்தக் கூட்டலை ஒருமுறைதான் போட்டாள். மறுபடி போடவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நில மீட்பு அதிகாரி ஜெபக்கனி தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி. பின் இருக்கையில் ஒரு பெட்டி. அதற்குள் எடை போட்டுக் கட்டிய களிமண் பொட்டலங்கள், மூடித் துணி, கம்பி, முத்திரை.

"பானை ஒண்ணு வேணுமே சார்" என்றார் மாசிலாமணியிடம். ஐந்து குடும்பங்களுக்கும் பெரியவர் அவர்தான். அஞ்சலாட்சிக்குப் பெரியப்பா.

"நீங்க கொண்டாரலியா மேடம்?"

"இந்த ரோட்டுல மண்பானை முழுசா வருமா? மூணு தடவை கொண்டுவந்தேன். மூணு தடவையும் ஓட்டாஞ்சில்லுதான் மிச்சம். அதுக்கப்புறம் எங்க போனாலும் அந்தந்த ஊர்லயே வாங்கிக்கிறேன்."

சமையல் கொட்டகையிலிருந்து குள்ளம்மா எட்டிப் பார்த்தாள். குவாரிக்குச் சமைப்பவள் அவள். பெயர்தான் அப்படி, கொட்டகை வாசலில் அவள் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். "ஆபீசரம்மாவுக்குப் பானதான? இதோ கொண்டாறன்" என்று உள்ளே போனவள், கறுத்துப் பளபளத்த ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "இருக்கறதுலயே நல்ல பான. கீறல் இல்ல, ஒழுக்கு இல்ல."

அஞ்சலாட்சி அந்த நேரத்தில் மூன்றாம் குட்டையில் குடத்தோடு நின்று தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு ஆவாதா இதுக்கு?" என்று குள்ளம்மா கேட்டாள்.

"ஆகாதும்மா. பிடிபாசி வழுவழுன்னு எதைக் கண்டாலும் அதுல ஒட்டிக்கிட்டுத் தூங்கிடும். பிளாஸ்டிக், கண்ணாடி எதுவும் சரிப்படாது. மண்பானையிலதான் நிலத்துல இருக்கிற மாதிரியே நடந்துக்கும்."

"பாசிக்குக்கூட மண்பானதான் கேக்குது பாரேன். எங்க வூட்டுல பிரிட்ஜு கேக்குறாங்க."

ஜெபக்கனி சிரித்தார். அஞ்சலாட்சி கொண்டுவந்த தண்ணீரைப் பானையில் ஊற்றி, ஒரு பொட்டலம் களிமண்ணைக் கொட்டி மரக்கரண்டியால் கலக்கினார். தண்ணீர் சிவந்து குழம்பியது.

"நாளைக்கு இதே நேரம் திறப்பேன். இப்ப இருக்கிற மாதிரி கலங்கலா இருந்தா பாசி செத்துப்போச்சுன்னு அர்த்தம். தெளிஞ்சிருந்தா உயிரோட இருக்கு."

"செத்திருக்கும் மேடம். பொடி நிறுத்திப் பன்னெண்டு நாளாவுது" என்றார் மாசிலாமணி.

"பொடி இல்லாட்டி ஒன்பது நாள்ல செத்துடணும்னுதான் அதை உண்டாக்கினாங்க. பனையந்தோப்புலயும் அதை நம்பித்தான் இருந்தாங்க."

பனையந்தோப்பு என்றால் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தன் மண்வாரி எந்திரத்தின் படியில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுதான் பேசினான்.

"வாய்க்கா வழியா வயலுக்குப் போயிடிச்சி. மண்ணே மண்ணப் புடிச்சிக்கிச்சி. மழ பேஞ்சா தண்ணி மேலயே கண்ணாடி மாரி நிக்கும், உள்ள எறங்காது. டிராக்டரு கொழு முறிஞ்சி போச்சி. நாப்பது குடும்பம்."

"நீங்க பனையந்தோப்பா?" என்று ஜெபக்கனி கேட்டார்.

"இல்ல மேடம். மேலக்கொத்தூரு."

ஜெபக்கனி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"நாலு வருசத்துக்கு மின்னாடி எங்க குவாரிய மூடுனீங்க. அப்ப ஒங்களுக்கு முடி நீளமா இருந்துச்சி."

"அது எனக்கு முதல் சைட்" என்றார் ஜெபக்கனி மெதுவாக.

"தெரியும் மேடம். எழுதறப்போ கை நடுங்குச்சி ஒங்களுக்கு. நாங்க யாரும் ஒங்கள ஒண்ணும் சொல்லலியே. கீழ இருக்கற ஊரு கெட்டுடக் கூடாதுன்னு நாங்களேதான் வேலிக்குக் கல்லு நட்டுக் குடுத்தம்." அவன் சொன்னதில் குத்தல் இல்லை. பேருந்து எப்போது வந்தது என்று சொல்வது போலச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் குவாரிகளில் எந்திரம் ஓட்டினான்.

ஜெபக்கனி பானையை மூடி, துணி கட்டி, கம்பி சுற்றி, முத்திரை வைத்து, அலுவலக அறையில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை காலை ஐந்து குடும்பங்களும் வந்துவிட்டன. அறைக்குள் இடம் போதாமல் பாதிப்பேர் சன்னலுக்கு வெளியே நின்றார்கள். ஜெபக்கனி முத்திரையை உடைத்து, துணியை அவிழ்த்து, மூடியை எடுத்தார்.

கழுத்திலிருந்து அடிவரை பளிங்கு போல இருந்தது தண்ணீர். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சிவப்பு மண் சமமாகப் படிந்திருந்தது.

சன்னலுக்கு வெளியே யாரோ "அய்யோ" என்றார்கள். மாசிலாமணி நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இன்னொரு தரம் வச்சிப் பாக்க முடியாதா?"

"ஒரு தரம்தான் சார். விதி அப்படி. கலங்கல் வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி வச்சுப் பார்க்க விடமாட்டாங்க. விரிப்பு லாரி சனிக்கிழமை வந்துடும்." அவர் குரல் சரியாகத்தான் இருந்தது. பேனாதான் காகிதத்தின் மேல் இறங்காமல் நின்றது.

அஞ்சலாட்சி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியாக இல்லை. பிடிபாசி படியவைத்த மண்ணை ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறாள். அது திரிந்த பால் போலத் திப்பித் திப்பியாக உட்காரும். ஓரத்தில் பச்சை நூல் ஓடும். இதுவோ அரிசி களைந்த தண்ணீரின் அடியில் மாவு இறங்கியது போல இருந்தது.

சொல்ல வேண்டும். சொல்வதற்கு நாக்கு எழவில்லை. அதனால் கையைப் பானைக்குள் விட்டாள்.

"ஏய்! கையை எடுங்க, கையை எடுங்க!" ஜெபக்கனி எழுந்துவிட்டார்.

அஞ்சலாட்சி அடியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். மண் புகை போல எழும்பி, பானை முழுவதும் சிவந்தது.

"எழும்புது" என்றாள்.

"என்ன?"

"எழும்புது மேடம். பாசி புடிச்சிருந்தா எழும்பாது. கல்லுலேருந்து தோச எடுக்கற மாரி ஒரே தகடாத்தான் வரும். இது புடிக்கல. சும்மா படிஞ்சிருக்குது."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி மாசிலாமணியே கேட்டதில்லை. தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"களிமண் ஒரே நாள்ல சும்மா படியாதும்மா" என்றார் ஜெபக்கனி. "வாரக்கணக்கா ஆகும்."

அஞ்சலாட்சி பானையின் உட்சுவரில் விரலை ஓட்டினாள். மெல்லிய பூச்சு ஒன்று விரலில் வழுக்கியது. கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். குள்ளம்மாவைப் பார்த்தாள்.

"எக்கா, இது எந்தப் பான?"

"எந்தப் பானயா? நம்ம தண்ணிப் பானதான். தெனம் குடிக்கறமே."

"தேச்சதா?"

"தேய்க்காம குடுப்பனா? ஆபீசரு வராங்கன்னு நேத்து ரெண்டு கொட்ட கூடவே தேச்சி வச்சிருந்தன். எம்பானைக்கி இன்னா கொறச்சல் இப்ப?"

"என்ன தேய்ச்சீங்க?" என்றார் ஜெபக்கனி.

குள்ளம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு உருண்டையாக இருந்த மூன்று கொட்டைகளை உள்ளங்கையில் காட்டினாள். "தேத்தாங்கொட்ட. பானைக்குள்ள சுத்தி ஒரச்சிட்டுத் தண்ணிய ஊத்துனா, எம்மாங் கலங்கலா இருந்தாலும் தெளிஞ்சிடும். இந்த ஊருத் தண்ணிய இது இல்லாம வாயில வைக்க முடியுமா? தேய்க்காத பான எங்க இருக்குது இங்க?"

ஜெபக்கனி சென்னையில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவர். ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அறை முழுவதும் சிரித்தது. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஏண்டி குள்ளம்மா, ஆறு ஏக்கரையும் ஒரு கொட்டையில கவுத்துட்டிருந்தியே!"

"சிரிக்காதீங்க" என்றான் துரைக்கண்ணு.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகம் இறுகியிருந்தது.

"கொட்ட தேச்சதால தெளிஞ்சிருக்கலாம். பாசி உசுரோட இருந்தும் தெளிஞ்சிருக்கலாம். எதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அதான் பொண்ணு சொல்லுதே, எழும்புதுன்னு" என்றார் மாசிலாமணி.

"கொட்டையும் பாசியும் சேந்தா எப்டிப் படியும்னு அது பாத்திருக்குதா? தங்கச்சி, நீயே சொல்லு. பாத்திருக்கியா?"

அஞ்சலாட்சி இல்லை என்று தலையாட்டினாள்.

"நாங்க மறுபேச்சு பேசாம நிலத்தக் குடுத்தம். எங்கப்பா ரெண்டு வருசம் அந்த வேலிய பாத்துக்கினே உக்காந்திருந்து செத்தாரு. நீங்க ஒரு கொட்டயக் காட்டித் தப்பிச்சிக்குவீங்க. நாளைக்கிக் கீழ இருக்கறவன் மண்ணு கல்லாப் போனா?"

"எங்க சோத்தத் தின்னுட்டு எங்களுக்கே…" என்று மாசிலாமணி ஆரம்பித்தார்.

"சோத்துக்கு எந்திரம் ஓட்டுனன் சார். பொய்க்குக் கைதட்ட வரல."

"அண்ணன் சொல்றது சரிதான் பெரியப்பா" என்றாள் அஞ்சலாட்சி. தன் குரல் இன்று இரண்டாவது முறையாக வெளியே வந்ததில் அவளுக்கே வியப்பு. "உசுரோட இருந்தா மூடத்தான் வேணும். அம்மா நெலமா இருந்தாலும்."

ஜெபக்கனி கைக்கணினியைத் திறந்து விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒரே பக்கத்தில் நின்றார்.

"பாத்திரம் பிழையா இருந்தா சோதனையே செல்லாதுன்னு ஒரு வரி இருக்கு" என்றார். "'பயன்படுத்தப்படாத புதிய சுடுமண் பானை'ன்னு போட்டிருக்கு. பயன்படுத்தப்படாத. நான் உடையாத பானையான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

"அப்ப தப்பு எம்மேலயா?" என்றாள் குள்ளம்மா.

"இல்லம்மா. என்மேல. நான்தான் தப்பான பானையில வச்சேன்னு எழுதணும்."

"வேலைக்கி எதுனா ஆவுமா?"

"தெரியல. எழுதினப்புறம் பார்க்கலாம்."

மறுசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னவன் துரைக்கண்ணு. இரண்டு புதுப் பானைகள் வாங்குவது. ஒன்றில் குட்டைத் தண்ணீர். இன்னொன்றில் பாசியே போகாத மலையடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குள்ளம்மாவின் பானையைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அவள் கொட்டை தேய்த்து, அதிலும் கிணற்றுத் தண்ணீர். மூன்றிலும் களிமண்.

"குள்ளம்மா பான தெளிஞ்சி, புதுப் பான ரெண்டும் கலங்கி இருந்தா கொட்டதான் காரணம். குட்டத் தண்ணி வச்ச புதுப் பான தெளிஞ்சிதுன்னா நானே வேலிக்குக் கல்லு நடுறன். கூலி வேணாம்."

அன்று பக்கத்து ஊரில் சந்தை. அஞ்சலாட்சி ஜீப்பில் ஜெபக்கனியோடு போய் இரண்டு பானைகளைத் தட்டிப் பார்த்து வாங்கினாள். திரும்பும்போது துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜெபக்கனி வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார்.

"இந்தக் கொட்டை எந்தெந்த ஊர்ல தேய்ப்பாங்க?" என்று கேட்டார்.

"குவாரி இருக்கற எல்லா ஊர்லயும்தான் மேடம். கல்லு கழுவுனாதான எல்லாக் கெணறும் கலங்குது."

குவாரி வரும்வரை ஜெபக்கனி எதையோ மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஓட்டினார்.

புதுப் பானையை ஊறவைக்காவிட்டால் அது பாதித் தண்ணீரைக் குடித்துவிடும் என்று குள்ளம்மா சன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள். அறைக்குள் வரமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். தன் பானைக்குத் தேய்த்து முடித்ததும் மிச்சக் கொட்டைகளை முடிச்சோடு சன்னல் வழியாக நீட்டினாள். "இதையும் பூட்டி வச்சிக்குங்க. என் கைய நானே நம்ப மாட்டன். கலங்கத் தண்ணியப் பாத்தா தானாப் போவும்."

மாலை மூன்று மணிக்கு மூன்று பானைகளுக்கும் முத்திரை வைத்தார்கள்.

மறுநாள் பகல் முழுவதும் அஞ்சலாட்சி செய்வதற்கு வேலை இல்லை. மோட்டார் ஓடவில்லை. சல்லடை உருளையைக் கழற்றி விற்றாகிவிட்டது. பரப்பிய மேல்மண்ணின் மேல் நடந்தாள். அம்மாவின் முக்கால் ஏக்கர் எங்கே தொடங்கும் என்று சொல்ல இப்போது வரப்பு இல்லை. ஆனாலும் அம்மா சரியாக ஓர் இடத்தில் வந்து நின்று, "இங்க ஒரு முந்திரி இருந்துச்சி" என்றாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினாள். உதிர்ந்தது. "நல்லாத்தான் இருக்குது. இதுக்குப் போயி இன்னா சோதன?"

அஞ்சலாட்சி உதிர்ந்த மண்ணைக் காலால் பரப்பினாள். ஏழு வருடமாகத் தண்ணீர் எப்போது தெளியும் என்று பார்த்துக்கொண்டு நின்றவள். இன்று தெளிந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு வேறொருவரின் செருப்பைப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

மூன்று மணிக்கு எல்லோரும் கூடினார்கள். ஜெபக்கனி முதலில் குள்ளம்மாவின் பானையைத் திறந்தார். தெளிந்து கிடந்தது. பாசி ஒரு நாளும் பார்த்திராத கிணற்றுத் தண்ணீர், அடியில் மாவு போல மண்ணோடு, பளிச்சென்று.

சன்னலுக்கு வெளியே குள்ளம்மா, "என் கொட்டயா கொக்கா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர் வைத்த புதுப் பானை. கலங்கல்.

மூன்றாவது பானையின் முன் ஜெபக்கனி நின்றார். கம்பியைப் பிடித்தவர் கையை எடுத்துவிட்டார். துரைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க திறங்க."

அவன் வந்து கம்பியை முறித்தான். துணியை அவிழ்த்தான். மூடியை எடுத்து உள்ளே பார்த்தான். ஒதுங்கி, அஞ்சலாட்சிக்கு வழிவிட்டான்.

அவள் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். செம்மண் நிறத்துக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"இன்னாச்சி?" என்றார் மாசிலாமணி. பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"கலங்கி இருக்குது பெரியப்பா. விரலே தெரியல."

அதன் பிறகு அந்த அறையில் ஒழுங்கு இல்லை. ஒவ்வொருவரும் வந்து பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். கை காணாமல் போவதைக் குழந்தைகள் மாதிரி மறுபடி மறுபடி பார்த்தார்கள். குள்ளம்மா குனிந்து உள்ளே வந்து, "இந்த அழுக்குத் தண்ணிக்கா இவ்ளோ ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டே முழங்கை வரை விட்டாள். அஞ்சலாட்சியின் அம்மா சிவந்த கையை நெற்றியில் துடைத்துக்கொண்டாள். மாசிலாமணி ஜெபக்கனியைக் கும்பிட்டார். துரைக்கண்ணுவையும் கும்பிட வந்தார்.

துரைக்கண்ணு அதைக் கவனிக்கவில்லை. குள்ளம்மாவின் தெளிந்த பானைக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அன்னைக்கி எங்க ஊர்ல எந்தப் பான?"

ஜெபக்கனி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "நேத்து சந்தையில இருந்து வர்றப்பவே அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

"எங்கம்மாதான் குடுத்தாங்க. நான்தான் தோள்ல தூக்கியாந்தன்." அவன் தன் தோளை ஒருமுறை தொட்டுக்கொண்டான். "ஆபீசருக்குன்னு தேச்சித்தான் குடுத்தாங்க. நான் பாத்துக்கினே நின்னன்."

கூச்சல் மெல்ல அடங்கியது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"இதுவரைக்கும் பதினோரு இடத்துல வச்சிருக்கேன்" என்றார் ஜெபக்கனி. "அஞ்சு தெளிஞ்சது. அஞ்சும் மூடிட்டோம். எல்லாமே அந்தந்த ஊர்ல கேட்டு வாங்கின பானைதான்." "பாசி இருந்துதா இல்லையான்னு இப்ப எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கும் எனக்குத் தெரியாதுன்னு இப்பதான் தெரியுது."

அவன் கத்துவான் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். கத்தியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். துரைக்கண்ணு குள்ளம்மாவின் பானையை மூடினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சந்த இனிமே அடுத்த வியாழக்கெழமதான். குயவரு வூடு எங்கன்னு தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ணே."

"ரெண்டு பான வேணும். புதுசு."

ஜெபக்கனி அன்று மாலையே அறிக்கை எழுதி அனுப்பினார். ஆலங்கொல்லை தேறியது என்று ஒரு பக்கம். ஐந்து ஊர்களையும் தன் பிழையையும் பற்றி ஆறு பக்கம். மேலக்கொத்தூர் வேலியைத் திறக்க உத்தரவு வருவதற்கு எட்டு நாள் ஆனது. உத்தரவோடு, விசாரணைக்கு வரச்சொல்லி அவருக்கு ஒரு கடிதமும் வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பானைகளை அவன் மடியில் வைத்துக்கொண்டான். குள்ளம்மா அவனுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்கவில்லை. "வழியில வாங்கிக் குடிச்சிக்க. எந்தண்ணி ஒம்பக்கத்துலயே வர வேணாம்."

ஞாயிறு இரவு ஆலங்கொல்லையில் மழை பெய்தது. திங்கட்கிழமை காலை, இனிமேல் வயலுக்கென்று விட்டுவைத்த மூன்றாம் குட்டையில் அஞ்சலாட்சி இறங்கினாள். பழக்கம்தான். சரித்துவிட்ட கரைகளிலிருந்து புதுத் தண்ணீர் சின்னச் சின்ன ஓடைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. பரப்பிய மண்ணில் பெய்த மழை எங்கும் தேங்கி நிற்கவில்லை, உள்ளே இறங்கிவிட்டிருந்தது. அதை வரும்போதே பார்த்திருந்தாள். கரையில் அம்மா கொளுஞ்சி விதையை மடியில் கட்டிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் தூவ வேண்டும் என்று அவசரப்படுத்தினாள்.

அப்போது கைப்பேசி அடித்தது.

"தங்கச்சி" என்றான் துரைக்கண்ணு. பின்னால் காற்று இரைந்தது. விரிப்பு படபடக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் பல பேர் நிற்கும் அமைதி.

"தொறந்தாச்சாண்ணே?"

"இப்பதான் தொறந்தம். விரிப்புக்கு அடியில கெடந்த குட்டத் தண்ணிதான் வச்சது. எங்கம்மா வந்திருக்குது. ஊரே வந்திருக்குது."

"கைய வுட்டுப் பாத்தியா?"

"வுட்டுக்கினுதான் நிக்கறன்."

"தெரியுதா?"

அஞ்சலாட்சி குனிந்து தன் காலைத் தேடினாள். சிவந்து குழம்பிய தண்ணீருக்குள் முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. மருதாணி வைத்த நகம் எங்கோ அடியில் சேற்றில் புதைந்திருந்தது.

"ஒண்ணும் தெரியல தங்கச்சி" என்றான் துரைக்கண்ணு. அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமே தெரியல."